வீட்டில் நீச்சல்குளம் கட்டப் போறீங்களா? என் 11,20,000 ரூபாய் போன கதையைப் படிச்சிட்டு அட்வான்ஸ் கொடுங்க

எங்க வீட்ல குளம் கட்ட வந்த கான்ட்ராக்டர் நேத்து சாயங்காலம் என் நம்பரை பிளாக் பண்ணிட்டான். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. விடிஞ்சதும் உட்கார்ந்து இதை எழுதுறேன். நீச்சல்குளம், ஸ்பா (உள்ள உட்கார்ந்துக்கிற வெந்நீர்த் தொட்டி) கட்டணும்னு நினைக்கிற ஒருத்தராவது இதைப் படிச்சிட்டுப் பணத்தைப் பிடிச்சு வெச்சுக்கணும். என்னென்ன கேக்கணும், எதை எதைப் பாக்கணும்னு கடைசியில விவரமா சொல்றேன்.

போனது 11,20,000 ரூபாய். பதினோரு லட்சத்து இருபதாயிரம். முக்கால்வாசி அப்பாவோட ரிட்டயர்மென்ட் பணம்.

வீடு சென்னைக்குத் தெற்கே கோவளம் தாண்டி, ஈசிஆர்ல (கிழக்குக் கடற்கரைச் சாலை) இருந்து கடல் பக்கமா உள்ள தள்ளி இருக்கு. பின்னாடி நாப்பதுக்கு முப்பது அடி இடம் சும்மா கிடந்தது. ஜனவரியில அப்பாவுக்கு ரெண்டு முழங்காலும் ஆபரேஷன். தண்ணிக்குள்ள நடந்தா நல்லதுன்னு பிசியோதெரபி அம்மா சொன்னாங்க. நெஞ்சளவு தண்ணியில நின்னா உடம்போட எடையில பெரும்பகுதியைத் தண்ணியே தாங்கிக்கும், மூட்டுக்கு வலி தெரியாதுன்னாங்க. பொண்ணுக்கும் ஒம்பது வயசு, நீச்சல் கத்துக்கணும்னு ஆசை. அப்பாதான் "கட்டிடுவோம்மா, நான் இருக்கும்போதே அனுபவிச்சிட்டுப் போறேன்"னார்.

வீட்டு வேலைக்கு ஆள் பிடிச்சுக் கொடுக்கிற ஒரு ஆப்ல தேடினேன். ஆப்போட பேரை இப்போ எழுத வேண்டாம்னு வக்கீல் சொல்லியிருக்கார். இந்த ஆளுக்குப் பச்சை டிக், "சரிபார்க்கப்பட்டவர்"னு முத்திரை, பக்கம் பக்கமா நல்ல ரிவ்யூ. ஏப்ரல்ல வீட்டுக்கு வந்தான்.

அந்த முதல் நாளை நான் சொல்லியே ஆகணும், ஏன்னா அங்கதான் நாங்க விழுந்தோம். மத்த ரெண்டு கான்ட்ராக்டர் வந்து சதுர அடிக்கு இவ்வளவுன்னு சொல்லிட்டுப் போனவங்க. இவன் அப்பா முன்னாடி தரையில மண்டி போட்டு உட்கார்ந்தான். டேப்பை எடுத்து, அப்பா காலை எவ்வளவு உயரம் வலியில்லாம தூக்க முடியுதுன்னு அளந்தான். ஏழு அங்குலம். "அப்பா, உங்களுக்கு ஏழு அங்குலத்துக்கு மேல ஒரு படியும் வராது, பக்கத்துலயே ஸ்டீல் கைப்பிடி வெச்சிடறேன்"னான். அப்புறம் சுண்ணாம்புப் பொடி கேட்டான். பின்பக்கம் போய் 24க்கு 12 அடி குளம், அதை ஒட்டி ஏழுக்கு ஏழு ஸ்பா, கோலம் போடற மாதிரி கோடு இழுத்தான். ஸ்பா கட்டத்துக்குள்ள ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டு வந்து போட்டு அப்பாவைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் உட்கார வெச்சான். "இங்கதான்ப்பா உக்காரப் போறீங்க. முதுகுக்கு ரெண்டு ஜெட், காலுக்கு நாலு ஜெட்." அப்பா அந்த வெள்ளைக் கோட்டுக்குள்ள உட்கார்ந்து சிரிச்ச சிரிப்பு இப்பவும் என் போன்ல இருக்கு. அன்னைக்கு மத்தியானம் எங்க வீட்லதான் சாப்பிட்டான். என்னை அக்கான்னு கூப்பிட்டான்.

ரெண்டு நாள்ல ஒரு 3டி வீடியோ அனுப்பினான். நீல மொசைக், ராத்திரி வெளிச்சம், ஸ்பாவுல இருந்து குளத்துக்குள்ள வழியற தண்ணி, ஓரத்துல பனை மரம். குடும்ப குரூப்ல போட்டு எல்லாரும் பார்த்தோம். அதைத்தான் நான் டிசைன்னு நினைச்சேன். அது டிசைன் இல்லைங்க, படம். கம்பி எத்தனை எம்எம், எவ்வளவு இடைவெளி, சுவர் எத்தனை அங்குலம், பைப் எந்த வழியா போகுது, மண் எப்படி, நிலத்தடி நீர் எத்தனை அடியில இருக்கு, இது எதுக்கும் ஒரு தாள்கூட அவன் கொடுக்கலை. நானும் கேக்கலை.

கொட்டேஷன் 14 லட்சம். ஆப் வழியா 10 சதவீதம், 1,40,000. அதுக்கப்புறம் "ஆப் கமிஷன் எதுக்குக்கா வீணா, நேரா என் அக்கவுன்ட்ல போடுங்க, ஹீட்டரை நல்ல கம்பெனியாவே போட்டுத் தரேன்"னான். தோண்ட ஆரம்பிச்ச அன்னைக்கு 5,60,000. அடுத்தது பம்ப், ஃபில்டர், ஸ்பா ஹீட்டர் ஆர்டர் போடணும், கன்டெய்னர் துறைமுகத்துல நிக்குதுன்னு 4,20,000. கூட்டிப் பாருங்க, 11,20,000. வேலை பாதி முடியறதுக்குள்ள நூத்துக்கு எண்பது பங்கு பணம் அவன் கையில.

ஜூன்ல தோண்டும்போது அஞ்சரை அடியிலயே மண் கறுத்து, ஓரத்துல தண்ணி கசிஞ்சது. ஜேசிபி ஓட்டின தம்பி வண்டியை நிறுத்திட்டு இறங்கி வந்து, "அக்கா, கோடையிலயே ஊறுது, மழைக்கு மேல வரும், பாத்துக்கங்க"ன்னு சொன்னான். மொத்த வேலையிலயும் உண்மை பேசினது அந்தத் தம்பி ஒருத்தன்தான். கான்ட்ராக்டர்கிட்ட கேட்டேன். "ஊத்துக்கா, நல்ல சகுனம்"னான். நம்பினேன்.

ஆகஸ்ட்ல கான்கிரீட். தரையை ஒரு நாள் போட்டான், சுவரை எட்டு நாள் கழிச்சுப் போட்டான். ரெண்டும் சேர்ற இடத்துல தண்ணி புகாம இருக்க பிவிசி வாட்டர்ஸ்டாப் பட்டை வைக்கணுமாம். வைக்கலை. டைல்ஸ் ஒட்டறதுக்கு முன்னாடி தொட்டியில தண்ணி நிரப்பி ஒரு வாரம் விட்டுப் பாக்கணுமாம். பாக்கலை. இதெல்லாம் சிவில் இன்ஜினியரா இருக்கிற பெரியப்பா பையன், எனக்கு அண்ணன், நவம்பர்ல வந்து பார்த்தப்புறம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தண்ணித் தொட்டிக்குன்னே ஐஎஸ் 3370னு தனி விதிமுறை இருக்காம், கான்கிரீட்டோட வலிமைத் தரம் எம்30க்குக் குறையக்கூடாதாம். எங்க வீட்ல போட்டது என்ன கலவைன்னு கேட்டா சொல்றதுக்கு ஒரு பில்கூட இல்லை.

அக்டோபர்ல டைல்ஸ் முடிஞ்சது. போர் தண்ணி உப்பு, அதனால 12,000 லிட்டர் லாரி மூணு விட்டு நிரப்பினோம். அது என் தனிச் செலவு. ரெண்டே நாள்ல நாலு விரற்கடை இறங்கிடுச்சு. "ஆவியாகுதுக்கா, கடல் காத்து"ன்னான். நான் ஒரு வாளியில அதே தண்ணியை நிரப்பி, குளத்துப் படியில வெச்சு, உள்ளேயும் வெளியேயும் பென்சில்ல கோடு போட்டேன். ரெண்டு நாள் கழிச்சுப் பார்த்தா வாளியில இறங்கினது ஒரு சென்டிமீட்டர். குளத்துல மூணு அங்குலம். ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட ஆயிரம் லிட்டர் மண்ணுக்குள்ள போகுது. போட்டோ எடுத்து அனுப்பினேன். அன்னையில இருந்து நான் "அக்கா" இல்லை, "மேடம்".

அதே வாரம் பம்ப் வந்து இறங்கிச்சு. புதுப் பெட்டி. ஆனா பம்ப் மேல நம்பர் தகடு இருக்க வேண்டிய இடத்துல உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச தடம். புது நீலப் பெயின்ட்டை நகத்தால சுரண்டினா அடியில துரு. மூடியைத் திறந்தா வலைக்கூடைக்குள்ள யார் வீட்டுக் குளத்து இலையோ காஞ்சு ஒட்டியிருக்கு. இதுக்குத்தான் 4,20,000. ஹீட்டர் இன்னைக்கு வரைக்கும் வரலை.

நவம்பர்ல மழை பிடிச்சது. கசிவை அடைக்கிறேன்னு சொல்லி ரெண்டு பசங்களை அனுப்பி, மோட்டார் போட்டுக் குளத்தை மொத்தமா காலி பண்ணிட்டான். அன்னைக்கு ராத்திரி கொட்டு கொட்டுன்னு கொட்டிச்சு. விடியக்காலை மூணு மணி இருக்கும், பின்னாடி டப்பு டப்புன்னு பட்டாசு மாதிரி சத்தம். அப்பாதான் முதல்ல எழுந்தார். டார்ச் அடிச்சுப் பார்த்தா மொசைக் கல்லு ஒண்ணொண்ணா தெறிக்குது. விடிஞ்சப்போ குளத்தோட ஆழமான பக்கம் அஞ்சு அங்குலம் மேல தூக்கி நிக்குது. ஸ்பாவுக்குப் போற பைப் முறிஞ்சு கிடக்கு. சுவர்ல மூலையில இருந்து மூலைக்கு விரிசல், என் சுண்டுவிரல் உள்ள போகுது.

அண்ணன் வந்து பேப்பர்ல கணக்குப் போட்டுக் காட்டினார். குளத்தோட அடித்தளத்துக்கு மேல மூணரை அடி உயரத்துக்கு வெளியில நிலத்தடி நீர் ஏறியிருந்திருக்கு. அது காலித் தொட்டியைக் கீழேருந்து தள்ளற விசை சுமார் 32 டன். ஆறு அங்குலக் கான்கிரீட் தொட்டியோட எடை 22 டன்தான். படகு மாதிரி மிதந்துடுச்சு. உள்ள 36,000 லிட்டர் இருந்திருந்தா அந்த எடையே அழுத்திப் பிடிச்சிருக்கும். கடலோர மண்ல குளம் கட்டினா அடியில ஒரு வால்வு வைப்பாங்களாம். வெளி நீர் அழுத்தம் ஏறினா அது தானா திறந்து தண்ணியை உள்ள விட்டுடும். சில ஆயிரம் ரூபாய்ப் பொருள். கொட்டேஷன்ல ராத்திரி விளக்குக்கு எட்டு வரி இருக்கு, இந்த வால்வு இல்லை.

இன்னொண்ணையும் அண்ணன் காட்டினார், அதை நினைச்சாத்தான் எனக்கு வயித்தைக் கலக்குது. ஸ்பாவோட அடியில தண்ணியை உறிஞ்சற ஓட்டை ஒண்ணே ஒண்ணு. மேல தட்டையா ஒரு சாதாரண ஜல்லடை. ரெண்டு ஓட்டை, மூணு அடி தள்ளித் தள்ளி, உடம்போ முடியோ சிக்காத மூடியோட இருக்கணுமாம். ஒண்ணு அடைஞ்சா இன்னொண்ணு இழுத்துக்கும். அமெரிக்காவுல 2002ல ஏழு வயசுப் பொண்ணு ஒருத்தி ஸ்பாவோட அடி ஓட்டையில உறிஞ்சிப் பிடிக்கப்பட்டு, வெளியே இழுக்க முடியாம மூழ்கி இறந்திருக்கா. அவ அம்மா போராடி 2007ல அந்தக் குழந்தை பேர்லயே சட்டம் கொண்டு வந்தாங்க. என் பொண்ணுக்கு இடுப்பு வரைக்கும் முடி. குளம் உடைஞ்சதுக்கு அழுத நான், இதைக் கேட்டதும் அது உடைஞ்சதே நல்லதுன்னு நினைச்சேன்.

அப்புறம் நடந்த அலைக்கழிப்பு. முதல்ல "மழை நிக்கட்டும் மேடம்". அடுத்து "சைட் இன்ஜினியர் ஊருக்குப் போயிருக்கார்". அடுத்து "அம்மாவுக்கு சீரியஸ்". அப்புறம் "உங்க மண்ணு சரியில்லை, அதுக்கு நான் என்ன பண்றது?" மண்ணைப் பார்த்துச் சொல்றதுக்குத்தானேடா உனக்குப் பணம் கொடுத்தோம்?

ஆப்புக்குப் போன் பண்ணினா பாட்டுதான் ஓடுது. சாட்ல "48 மணி நேரத்தில் தொடர்பு கொள்வோம்"னு ஆறு தடவை ஒரே வரி. ஏழாவது தடவை ஒரு பொண்ணு பேசினா. "நாங்க அறிமுகப்படுத்தி வைக்கிறவங்க மட்டும்தான் மேடம். 1,40,000தான் எங்க வழியா வந்திருக்கு, மிச்சத்தை நீங்களே நேரடியா கொடுத்திருக்கீங்க." அந்த 1,40,000ஐயாவது கொடுங்கன்னேன். "வேலை தொடங்கிட்டதால திருப்பித் தர முடியாது." நடந்ததை ரிவ்யூவா எழுதினேன். மறுநாள் தூக்கிட்டாங்க, விதிமுறை மீறலாம். அந்த ஆளோட பச்சை டிக் இன்னைக்குக் காலையிலயும் அப்படியே இருக்கு. ஸ்டேஷன்ல "சிவில் மேட்டர்மா, கோர்ட்டுக்குப் போங்க"ன்னு அனுப்பி வெச்சாங்க.

நேத்து அப்பாவே அவனுக்குப் போன் பண்ணினார். "தம்பி, என் காலை அளந்தியேப்பா"ன்னுதான் ஆரம்பிச்சார். முழுசா சொல்லி முடிக்கலை, கட் பண்ணிட்டான். அப்புறம் என் நம்பரும் பிளாக். 11,20,000 ரூபாயை வாங்கிட்டு ஒரு எழுபது வயசு மனுஷன் பேசறதைக் கேக்க ஒரு நிமிஷம் இல்லை.

விவரமா எழுதறேன்னு சொன்னேன், வக்கீலைப் பார்க்கக் கிளம்பணும், அதனால சட்டுனு சொல்லிடறேன். 3டி வீடியோவுக்குப் பணம் கொடுக்காதீங்க. இன்ஜினியர் கையெழுத்துப் போட்ட கம்பி டிராயிங்கும் மண் பரிசோதனையும் வராம ஜேசிபியை உள்ள விடாதீங்க. ஆப் வழியா ஆரம்பிச்சா கடைசி வரைக்கும் ஆப் வழியாவே கட்டுங்க. மழைக்காலத்துல குளத்தை யாரும் காலி பண்ண விடாதீங்க. ஸ்பா ஓட்டை ரெண்டு இருக்கான்னு நீங்களே குனிஞ்சு பாருங்க. தண்ணிக்குள்ள விளக்கு 12 வோல்ட்தான் இருக்கணும்.

ஏமாந்துட்டீங்கன்னா நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல ரெண்டு வருஷத்துக்குள்ள புகார் கொடுக்கணும். நான் இன்னைக்கு செங்கல்பட்டுக்குத்தான் போறேன், ஆப்பையும் சேர்த்தே போடச் சொல்லியிருக்கேன்.

ஈசிஆர் பக்கம் இப்போ யார் வீட்லயாவது ஒருத்தன் சுண்ணாம்புக் கோடு போட்டு, வீட்டுப் பெரியவங்களை நாற்காலியில உட்கார வெச்சுக் காட்டினான்னா உடனே எனக்கு மெசேஜ் பண்ணுங்க. ஆள் அவன்தானான்னு போட்டோ பார்த்துச் சொல்றேன். ராத்திரி எந்த நேரமா இருந்தாலும் பரவாயில்லை.