மழையில் நின்ற பந்தயமும் கொழிஞ்சாம்பாறைச் சாலையின் பொரோட்டாக் கடையும்

கார்ப் பந்தயத்தைத் திரையில் காட்டும் உணவகம் நல்லதா என்று தெரிந்துகொள்ள வெயில் நாளில் போய்ப் பயனில்லை. பந்தயம் நடக்கும் ஊரில் மழை கொட்டி, கார்கள் எல்லாம் வரிசையாக நின்று, ஒரு மணி நேரமாகத் திரையில் குடைகள் மட்டுமே தெரியும் நாளில் போக வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தை ஒரு கடை எப்படி நடத்துகிறது என்பதுதான் என் அளவுகோல். தமிழக–கேரள எல்லையில் உள்ள வேலந்தாவளம் சோதனைச் சாவடியைத் தாண்டிக் கொழிஞ்சாம்பாறைக்குப் போகும் சாலையில், பழைய நெல் கிடங்கு ஒன்றில் நடக்கும் பொரோட்டாக் கடைக்கு அந்த அளவுகோலில் நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். பெயர்ப்பலகை கிடையாது. சாலையில் யாரைக் கேட்டாலும் ‘ரேஸ் காட்டுகிற கடை’ என்று கை நீட்டுவார்கள்.

நான் சாவடிக்கு அருகே டயர் கடை வைத்திருக்கிறேன். கோயம்புத்தூருக்குக் காய்கறியும் இளநீரும் ஏற்றிப்போகும் வண்டிகளை நம்பித்தான் பிழைப்பு. ஃபார்முலா ஒன் பந்தயத்தைப் பணக்காரர்களின் விளையாட்டு என்று தள்ளிவிடுகிற பழக்கம் இந்தப் பக்கத்தில் இல்லை. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தடம் இருக்கிறது. நரேன் கார்த்திகேயன் கோயம்புத்தூர்க்காரர். 2011-லும் 2012-லும் எச்.ஆர்.டி. அணியின் ஃபார்முலா ஒன் காரை மொனாக்கோவில் ஓட்டி 17-ஆவதாகவும் 15-ஆவதாகவும் முடித்தார். மிகவும் மெதுவான கார்களில் ஒன்றை வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் இரும்புத் தடுப்பு நிற்கும் அந்தத் தெருக்களில் பந்தயத்தின் கடைசிவரை ஓட்டியதை இந்தக் கடையில் யாரும் சிறிய காரியமாகப் பேச மாட்டார்கள். எனக்கு இந்தக் கடையின் மீது முதலில் மரியாதை வந்தது அதனால்தான்.

சுண்ணாம்பு அடித்த சுவர்தான் திரை. உத்தரத்தில் தொங்கும் ப்ரொஜெக்டர் பழையது. நிறம் சற்று வெளிறித்தான் தெரிகிறது. பந்தயம் உள்ள ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் ஆளுக்கு 50 ரூபாய் டோக்கன், அதைச் சாப்பாட்டுப் பில்லில் கழித்துக்கொள்கிறார்கள். திரையில் வரும் எழுத்து சிறியதாகத் தெரியும் என்பதால் கடைக்காரரின் மகள் பக்கத்துச் சுவரில் ஒரு கரும்பலகை வைத்திருக்கிறாள். ஓட்டுநர்களின் வரிசையை எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்தக் கார் எந்த டயரில் ஓடுகிறது என்பதை வண்ணச் சாக்பீஸால் ஒரு வட்டமாகப் போடுவாள். சிவப்பு மென்மையான டயர், மஞ்சள் நடுத்தரம், வெள்ளை கடினம், இந்த மூன்றும் காய்ந்த தெருவுக்கு; பச்சை குறைந்த ஈரத்துக்கான இடைநிலை, நீலம் முழு மழை டயர். யாராவது டயர் மாற்றினால் அடுத்த நிமிடம் வட்டம் மாறிவிடும். காய்ந்த நாளில் இது ஒரு வசதி, அவ்வளவுதான். மழை நாளிலோ கடை முழுவதும் சுவரை விட்டுவிட்டுப் பலகையைத்தான் பார்க்கும்.

2022 மே 29-ஆம் தேதி மொனாக்கோ பந்தயத்தில் அதுதான் நடந்தது. நம் நேரப்படி மாலை 6:30-க்குத் தொடங்க வேண்டும். அந்த நேரத்துக்குத் தூறல் பிடித்து, கார்களை மெதுவாக நடத்திச்செல்லும் பாதுகாப்புக் காருக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோதே அடைமழையாகி, சிவப்புக் கொடி காட்டி நிறுத்திவிட்டார்கள். மழை அங்கே மின்சாரத்தையும் பாதித்ததில் தொடக்க விளக்குகளுக்கும் சிக்கல் வந்தது. உண்மையில் பந்தயம் கிளம்பியபோது நம் கடிகாரம் ஏழரையைத் தாண்டியிருந்தது.

அன்றைக்கு எட்டு மணிக்கு ஐ.பி.எல். இறுதி ஆட்டம். அதுவும் சஞ்சு சாம்சன் தலைமையில் ராஜஸ்தான் அணி. கேரளத்து மண்ணில், சஞ்சு இறுதி ஆட்டம் ஆடும் இரவில், நின்றுபோன கார்களைச் சுவரில் காட்டிக்கொண்டிருக்க ஒரு கடைக்காரருக்கு எவ்வளவு உறுதி வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். கூட்டத்தில் பாதிப் பேர் மாற்றச் சொன்னார்கள். கடைக்காரச் சேட்டன் கல்லாவுக்கு மேலே இருந்த சிறிய தொலைக்காட்சியில் கிரிக்கெட்டைப் போட்டார், சுவரைத் தொடவில்லை. “டோக்கன் வாங்கியவர்கள் ரேஸ் பார்க்க வந்தவர்கள்” என்று ஒரே வரியில் முடித்தார். அதோடு விடாமல், காத்திருந்தவர்கள் அனைவருக்கும் கட்டன் சாயா (பாலில்லாத தேநீர்) கொடுத்தார், காசு வாங்கவில்லை. அடுப்பையும் அணைக்கவில்லை. எப்போது தொடங்கும் என்று தெரியாத நிலையில் பொரோட்டா மாவை உருட்டிவைத்துக் காத்திருப்பது சமையல்காரருக்கு எளிதல்ல. பெரிய நகரத்து உணவகங்களில் நான் மழைப் பந்தயம் பார்த்திருக்கிறேன். தாமதம் இருபது நிமிடத்தைத் தாண்டினால் பாட்டைப் போட்டுவிடுவார்கள். மீண்டும் தொடங்கும்போது யாரோ ஓடிப்போய்ச் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்த இரவின் பேச்சு இந்தக் கடையில் இன்றுவரை ஓயவில்லை. மொனாக்கோவின் சுற்று 3.337 கிலோமீட்டர். சாதாரண நாளிலேயே முந்த இடமில்லை. மழை நின்று தெரு காயத் தொடங்கும்போது ஒரு கார் அகலத்துக்குத்தான் காய்ந்த கோடு விழும். அதை விட்டு விலகினால் ஈரம், விலகியவர் தடுப்பில். ஆகவே யார் எப்போது டயர் மாற்றினார் என்பதில்தான் பந்தயம் இருக்கிறது. முழு மழை டயர், 300 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு 85 லிட்டர் தண்ணீரை விலக்கும் என்கிறது பிரெல்லி நிறுவனம். இடைநிலை டயர் 30 லிட்டர். தண்ணீர் குறைந்த தெருவில் அந்த ஆழமான காடிகளே பாரமாகிவிடும். ரப்பர் கட்டைகள் நெளிந்து, சூடேறி, தேயும். லாரி டயரிலும் நான் தினமும் பார்ப்பது இதையேதான், வேகம்தான் வேறு.

முதலிடத்திலிருந்து கிளம்பியவர் சார்ல் லெக்லேர், மொனாக்கோவில் பிறந்தவர். இரண்டாவது, அதே ஃபெராரி அணியின் கார்லோஸ் சைன்ஸ். மூன்றாவது ரெட்புல்லின் செர்ஜியோ பெரெஸ், நான்காவது மாக்ஸ் வெர்ஸ்டாப்பன். பலகையில் நான்கு பேருக்கும் நீல வட்டம். 16-ஆவது சுற்றில் பெரெஸின் வட்டம் பச்சையானது. 18-இல் லெக்லேருடையதும் பச்சை. ஆனால் டயர் மாற்றும் இடத்திலிருந்து அவர் வெளியே வந்தபோது பெரெஸ் முன்னால் போய்விட்டிருந்தார். சைன்ஸ் பச்சைக்குப் போகவே இல்லை. நீலத்திலேயே தாக்குப்பிடித்து 21-இல் நேராக வெள்ளைக்கு மாறினார். அதே சுற்றில் லெக்லேரையும் உள்ளே அழைத்துவிட்டு, ‘வராதே’ என்று கடைசி நொடியில் சொன்னார்கள். அதற்குள் அவர் உள்ளே நுழைந்துவிட்டார். சைன்ஸின் காருக்குப் பின்னால் காத்து நின்றார். அடுத்த சுற்றில் ரெட்புல் இருவரும் மாற்றிக்கொண்டு வெளியேற, பெரெஸ், சைன்ஸ், வெர்ஸ்டாப்பன், லெக்லேர் என்ற வரிசை விழுந்தது. இறுதிவரை அது மாறவில்லை.

தவறு எங்கே நடந்தது? பலகை எழுதும் பெண் 21-ஆவது சுற்றைச் சொல்கிறாள்: இரண்டு காரையும் ஒன்றாகக் கூப்பிட்டதுதான் லெக்லேரைக் கவிழ்த்தது என்பது அவள் கட்சி. பீளமேட்டில் பம்பு கம்பெனியில் லேத் ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர் 17-ஆவது சுற்றைப் பிடித்துக்கொள்கிறார். பெரெஸ் பச்சை டயரில் ஓட்டிய முதல் சுற்றே வேகமாக இருந்தது. ஃபெராரி பதில் சொல்வதென்றால் உடனே சொல்லியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சொல்லவே கூடாது என்கிறார். நான் பெரியவர் பக்கம், இன்னும் ஒரு படி மேலே போவேன். மூன்று சுற்றில் கழற்றி எறியப்போகும் பச்சை டயரை லெக்லேருக்குப் போட்டதே வீண். முன்னால் ஓடுபவருக்குக் காய்ந்த தெருவுக்கான டயர் வரை காத்திருக்கும் துணிவு வேண்டும். அந்தத் துணிவு அணியிடம் இல்லை, சைன்ஸிடம் இருந்தது. வெளியே வந்த சுற்றில் லாத்திஃபி என்ற ஓட்டுநரின் மெதுவான கார் குறுக்கே மாட்டாதிருந்தால் சைன்ஸே வென்றிருப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கடைசியில் 1.154 விநாடி வித்தியாசம்தானே.

பாலக்காட்டுத் தடத்தில் பஸ் ஓட்டும் அண்ணன் ஒருவர் வருவார். அவர் அணிகளைப் பற்றி அதிகம் பேச மாட்டார், தெருவைப் பற்றித்தான் பேசுவார். நாள்தோறும் வண்டி ஓடும் சாலையில் எண்ணெய் படிந்திருக்கும், முதல் மழைக்கு அது மேலே வரும், நடைபாதைக் கோடுகளின் வெள்ளைப் பெயின்ட் ஈரத்தில் பிடியே தராது என்பார். மிக் ஷூமாக்கரின் கார் நீச்சல் குளத்து வளைவில் மோதி இரண்டாகப் பிரிந்தபோது கடை முழுவதும் எழுந்து நின்றது. ஓட்டுநர் தானாக இறங்கி நடந்ததைப் பார்த்த பிறகே பஸ் அண்ணன் உட்கார்ந்தார். அவரோடு உட்கார்ந்து பார்ப்பதற்காகவே நான் அந்தப் பக்கத்துப் பெஞ்சைத் தேர்ந்தெடுக்கிறேன்.

பெரியவர் 1984 மொனாக்கோ பந்தயத்துக்கும் போவார். மழையில் ஐர்ட்டன் சென்னா சாதாரண டோல்மன் காரில் அலென் பிரோஸ்டை நெருங்கிக்கொண்டிருந்தபோது பந்தயம் நிறுத்தப்பட்டது. ஓடிய தூரம் போதாததால், வென்ற பிரோஸ்டுக்குப் பாதிப் புள்ளி, நாலரை. ஆண்டு முடிவில் அவர் நிக்கி லாடாவிடம் அரைப் புள்ளியில் பட்டத்தை இழந்தார். முழுப் பந்தயமும் ஓடி, சென்னாவிடம் தோற்று இரண்டாவதாக வந்திருந்தால்கூட ஆறு புள்ளி கிடைத்துப் பிரோஸ்ட்தான் அந்த ஆண்டு சாம்பியன். இந்தக் கணக்கைப் பெரியவர் புதிதாக வருகிறவர்களுக்கு எல்லாம் சொல்லித் தருவார். கேளுங்கள், நேரம் வீணாகாது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். பொரோட்டா 15 ரூபாய், அடுக்கு பிரிந்து வருகிறது. தேங்காய்க் கொத்துப் போட்ட மாட்டிறைச்சி வறுவல் 130 ரூபாய். மிளகு தூக்கல், அதற்காகவே தனியாக வரலாம். பழம்பொரி சூடாக இருக்கும்போது மட்டும் வாங்குங்கள். சைவக் குருமா சுமார்தான். தொடக்கத்துக்கும் மறுதொடக்கத்துக்கும் ஐந்து நிமிடம் முன்பிருந்து யாரும் திரைக்குக் குறுக்கே தட்டு எடுத்துவர மாட்டார்கள். இந்த ஒழுங்கை நான் வேறெங்கும் கண்டதில்லை. கடைக்காரரின் மனைவி கல்லாவில் இருப்பதாலோ என்னவோ, கோயம்புத்தூர்க் கல்லூரிப் பெண்கள் கூட்டமாக வந்து இரவு பத்து வரை கவலையில்லாமல் இருக்கிறார்கள். பெஞ்சுகளுக்குச் சாய்வு இல்லை, மூன்று மணி நேரப் பந்தயத்தில் முதுகு கேட்கும். பின்கட்டுக் கழிப்பறைக்கு விளக்குப் போட வேண்டும். வண்டி நிறுத்துமிடம் மழை பெய்தால் சேறு, இருசக்கர வண்டியைச் சாலையோரத்திலேயே விட்டுவிடுங்கள்.

சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தெருச் சுற்றில் இரவுப் பந்தயம் அறிவித்தபோது கடையே கொண்டாடியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து தள்ளிவைத்தார்கள். 2024 ஆகஸ்ட் 31-ஆம் தேதி நடத்த முனைந்தபோது அன்றும் மழை. சனிக்கிழமை மழையால் தாமதமாகி, பந்தயங்கள் ஞாயிறன்று நடந்தன. நம் ஊர்த் தெருவில் நம் மழைக்குக் காத்திருந்த அந்த இரண்டு நாளும் சேட்டன் டோக்கன் வாங்கவில்லை.

ஒரு குறை மட்டும் பெரியது. கூரை தகரம். இங்கே மழை வலுத்தால் ஓட்டுநருக்கும் அணிக்கும் நடக்கும் வானொலிப் பேச்சு ஒரு சொல்லும் கேட்காது. மழைப் பந்தயத்தின் பாதி உயிர் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. 2025 வரை பெரும்பாலும் மே மாதக் கடைசியில் நடந்துவந்த மொனாக்கோ பந்தயத்தை 2026 முதல் ஜூன் முதல் வாரத்துக்கு நகர்த்தியிருக்கிறார்கள். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கும் அதே வாரம். கூரைக்குக் கீழே சத்தம் தாங்கும் பலகை அடியுங்கள், ஒலிபெருக்கியை உத்தரத்திலிருந்து இறக்கிப் பெஞ்சுகளுக்கு அருகே வையுங்கள் என்று சேட்டனிடம் சொல்லியிருக்கிறேன். தச்சர் வந்து அளவு எடுத்துவிட்டார். பலகைக்கான செலவில் பாதியை வழக்கமாக வருகிறவர்கள் நாங்கள் போடுவதாக முடிவாகியிருக்கிறது. இந்தக் கடையில் பந்தயம் பார்த்தவர்கள் கல்லாவில் சேச்சியிடம் உங்கள் பங்கைக் கொடுக்கலாம்.