சனிக்கிழமை ஆறு மணிக் கூட்டம்: மறதிநோய் உள்ளவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கான ஆன்லைன் குழு எப்படி இருக்கிறது?

அத்தைக்கு 81 வயது. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாமா காலமாகி ஒன்பது வருடம் ஆகிறது. ஆனாலும் சாயங்காலம் ஐந்து மணியானால் அத்தை அவருக்காக வாசலைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். ஆறு மணிக்கு, "வீட்டுக்குப் போகணும், நேரமாச்சு" என்று முந்தானையில் சில்லறையை முடிந்துகொண்டு கிளம்பிவிடுவார். இருப்பது அவரே நின்று கட்டிய வீட்டில்தான். மறதிநோயில் ஒரு வகையான அல்சைமர் என்று தெரிந்து மூன்று வருடம் ஆகிறது. முதலில் பார்த்த டாக்டர் "வயசானா அப்படித்தான்மா" என்று சத்து மாத்திரை எழுதிக்கொடுத்த கதையை விட்டுவிடுகிறேன்.

சென்னையில் ஒரு அறக்கட்டளை நடத்துகிற இந்தக் குழுவில் நான் சேர்ந்து ஒன்றரை வருடம். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ஜூம் கூட்டம், மற்ற நாட்களுக்கு வாட்ஸப். காசு கிடையாது. சேர்ப்பதற்கு முன் போனில் கூப்பிட்டு, யாரைப் பார்த்துக்கொள்கிறீர்கள், எத்தனை நாளாக, வீட்டில் வேறு யார் கைகொடுக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டார்கள். டயப்பர் விற்கிறவர்களை வடிகட்ட அது நல்ல வழிதான். 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா எனும் மறதிநோய் இருக்கும் என்று 2023இல் வந்த ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. எங்கள் தெருவில் எனக்கு ஒருவரையும் தெரியாது. எல்லாரும் என்னைப்போலக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறார்கள் போல.

நான் ஆறுதலுக்காகச் சேர்ந்தேன், கிடைத்தது வேறு. "இதுதான் உங்க வீடு அத்தை" என்று தினமும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த என்னிடம் முதல் கூட்டத்திலேயே ஒரு அண்ணன் சொன்னார்: "எதுக்கும்மா வாதாடுறீங்க? சரி, போலாம்னு செருப்பை மாட்டிவிட்டு ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போய்ட்டு, 'வீடு வந்துருச்சு'ன்னு உள்ள கூப்பிடுங்க." பிள்ளையார் கோயில் வரை போய்த் திரும்புகிறோம். வாரத்தில் ஐந்து நாள் பலிக்கிறது.

போன ஆடியில் ஒரு ராத்திரி இரண்டு மணி. அத்தை என்னை யாரென்று தெரியாமல் அடிக்கவந்தார், அடுக்களையில் குழந்தைகள் நிற்பதாகச் சொன்னார். இரண்டே நாளில் இப்படி ஆகிவிட்டது. நோய் முற்றிவிட்டது என்று நினைத்து அழுதுகொண்டே குழுவில் எழுதினேன். அந்த நேரத்திலும் தூத்துக்குடியில் ஒரு டீச்சரக்கா விழித்திருந்தார், அவர் வீட்டுக்காரர் தூங்கவில்லையாம். "அல்சைமர் மாசக்கணக்குல நகரும், ரெண்டு நாள்ல இப்படிப் பாயாது. காலையில டாக்டர்கிட்ட காட்டி முதல்ல யூரின் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க." எடுத்தோம், சிறுநீர்த் தொற்று. மருந்து கொடுத்துப் பத்து நாளில் பழைய அத்தை, அதாவது பழைய மறதியோடு, திரும்பிவிட்டார். வயதானவர்களுக்குத் தொற்று வந்தால் காய்ச்சலே இல்லாமல் இப்படிக் குழப்பமாக வெளிப்படலாம் என்று எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை.

சின்ன விஷயங்களும் உண்டு. குடும்ப பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று கொடுக்கவேண்டும். மத்திய அரசு பென்ஷன் வாங்குவோரில் 80 தாண்டியவர்கள் நவம்பர் வரை காத்திருக்காமல் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம் என்பதே இங்கேதான் தெரிந்தது. கைரேகை தேய்ந்துபோனதால், போனிலேயே சான்று கொடுக்கிற ஜீவன் பிரமாண் செயலியில் முகப்பதிவு. அதற்குக் கண்ணைச் சிமிட்டவேண்டும், சிமிட்டச் சொன்னால் அத்தை போனை முறைக்கிறார். "முகத்துல லேசா ஊதுங்க" என்றார் ஒருவர். ஊதினேன், வேலை முடிந்தது, எனக்கு ஒரு திட்டும் கிடைத்தது.

அப்புறம், வெளியே சொல்ல முடியாததை இங்கே சொல்லலாம். "சில நாள் இவங்க போய்ட்டா நல்லாருக்கும்னு தோணுது" என்று ஒரு பெண் சொன்னபோது யாரும் பதறவில்லை, மூன்று பேர் தலையாட்டினார்கள். மஸ்கட்டிலிருந்து வாரம் ஒருமுறை பேசும் என் நாத்தனார் "அம்மா என்கிட்ட நல்லாத்தானே பேசுறாங்க" என்பதைச் சொன்னேன், எல்லா வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தது. பத்து நிமிடம் நன்றாகப் பேசுவது இந்த நோயில் சகஜம், மீதி நேரத்துக்குத்தான் ஆள் வேண்டும்.

இனி குறைகள். கூட்டத்தை ஆறு மணிக்கு வைத்த புண்ணியவான் யாரோ! இந்த நோய்க்காரர்களில் பலருக்குத் தடுமாற்றம் அதிகமாவதே அந்தி நேரத்தில்தான். ஒரு காதில் இயர்போனும் ஒரு கையில் அத்தையுமாகத்தான் பாதிக் கூட்டம் கேட்டிருக்கிறேன். மதியம் இரண்டு மணிக்கு மாற்றச் சொல்லி மூன்று முறை எழுதியாயிற்று.

பெரிய குறை மருந்துப் பேச்சு. கூட்டத்தை நடத்தும் சமூகப் பணியாளர் அதை உடனே நிறுத்திவிடுவார். வாட்ஸப்பில் ராத்திரி கண்காணிக்க ஆளில்லை. ஒருவர் "எங்கப்பாவுக்குக் குடுக்குற தூக்க மாத்திரைல பாதி குடுத்துப் பாருங்க" என்று போட்டது விடியும்வரை அப்படியே கிடந்தது. டிமென்ஷியாவில் பல வகை இருக்கிறது. அதில் லூயி பாடி என்கிற வகைக்காரர்களுக்கு, கலவரத்தை அடக்கக் கொடுக்கிற ஹாலோபெரிடால் போன்ற மருந்து ஆபத்தாகவே முடியலாம். பக்கத்து வீட்டு மாத்திரையை வாங்கிப் போடுகிற காரியமா இது? தேங்காய் எண்ணெயில் மறதி போகும் என்கிற ஃபார்வர்டுகளையாவது தள்ளிவிட்டுப் போகலாம்.

வீட்டுக்கு ஆள் அனுப்பச் சொல்லிச் சேராதீர்கள், அனுப்பமாட்டார்கள். அடிதடி, வெளியே போய்க் காணாமல் போவது என்ற அளவுக்கு வந்திருந்தால் டாக்டரிடம்தான் போகவேண்டும். மற்றபடி தயங்காமல் சேரலாம். முதல் நாளே பேசவேண்டும் என்று கட்டாயமில்லை. கேமராவை அணைத்துவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டே நான் இரண்டு மாதம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், யாரும் ஒன்றும் கேட்கவில்லை.