இரண்டு மாரியும் டெத் மார்ச்சும்

என்னை முதலில் கொன்றது நாய். கணினி விளையாட்டொன்றில், வைட் ஓர்ச்சட் கிராமத்துக்கு வெளியே, வயலோரம் அலைந்த நாலு காட்டு நாய்கள். ஒன்றை வெட்ட வாளை ஓங்கினால் இன்னொன்று பின்னால் வந்து கவ்வும். மூன்று கடியில் ஆள் முடிந்தான். பக்கத்தில் கதிரை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த மருமகன் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் முறையும் அதே நாய்கள், மூன்றாம் முறையும் அதே நாய்கள். ஏழாவது தடவைதான் வாயைத் திறந்தான்: "மாமா, நாங்கள் வேற பாதையால போனா என்ன?"

எட்டாவது தடவை ஒரு வேலியில் முதுகைக் கொடுத்து நின்று ஒருமாதிரித் தப்பினேன்.

விளையாட்டின் பெயர் தி விட்சர் 3: வைல்ட் ஹன்ட். 2015 மே மாதம் வந்தது, செய்தவர்கள் போலந்தின் சிடி புரொஜெக்ட் ரெட். கூலி வாங்கிக்கொண்டு பேய் பூதம் கொல்பவன்தான் விட்சர், அப்படியொரு விட்சரான கெரால்ட்தான் நாங்கள். 2019 இல் சாதாரண நிலையில் ஒருமுறை முடித்திருந்தேன். கதை அருமை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முடிக்கும்போது பை நிறைய மருந்தும் வாளில் பூசும் எண்ணெயும் கைபடாமல் கிடந்தன. எதிரில் நிற்பது என்ன பிராணி என்று பார்க்காமலே வாளைச் சுழற்றிக் கடைசி வரை வந்துவிட்டேன். பேய்களைப் பற்றி இவனுக்குத் தெரியாதது இல்லை என்று கதைக்குள் ஊரே சொல்கிறது. எனக்கோ நாலு பேயின் பெயர்கூட ஞாபகத்தில் இல்லை. அது உறுத்திக்கொண்டே இருந்தது.

கடினத்தில் நாலு படி இருக்கிறது. உச்சப் படிதான் டெத் மார்ச். அதில் தொடங்கி, நடுவில் ஒருதரமும் கீழே இறக்காமல் பிரதான கதையை முடித்தால் 'வோக்ட் த பாத்' என்றொரு விருது கிடைக்கும். விருதுக்கு ஆசைப்பட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் திருகோணமலை உப்புவெளியில் ஒரு தங்குவிடுதியில் வேலை. கிழக்குக் கரையில் சீசன் மே முதல் செப்டம்பர் வரை. அப்போது கணினிக்கு முன்னால் இருக்க நேரம் வராது. மாரி தொடங்கிக் கடல் பொங்கினால் விடுதியில் நானும் காவல்காரரும் ஒரு பூனையும்தான். அதனால் இதைத் தொடர்ச்சியாக விளையாடவில்லை. 2022 தொடக்கத்தில் கொஞ்சம், பிறகு இரண்டு மாரி. 2024 ஜனவரியில் முடிக்கும்போது 210 மணி நேரத்துக்கு மேல் காட்டியது. அதில் செத்துத் திரும்பிய நேரம் எவ்வளவு என்று கேட்காதீர்கள்.

சரி, டெத் மார்ச்சில் என்னதான் மாறுகிறது? எதிரியின் அடி கூடும், உயிரும் கூடும். அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். என்னைப் போட்டு உலுக்கியது வேறொன்று. கீழ்ப் படிகளில் சண்டை முடிந்ததும் கெரால்ட் மண்டியிட்டுத் தியானத்தில் இருப்பான், எழும்பும்போது காயம் ஆறியிருக்கும். மேல் இரண்டு படிகளில் அந்தச் சலுகை கிடையாது. தியானம் செய்தால் வெறுமையான மருந்துக் குப்பிகள் நிரம்பும், அவ்வளவுதான். அதற்கும் பையில் கடும் சாராயம் இருக்க வேண்டும். உயிர் ஏற வேண்டுமென்றால் சாப்பிடு, இல்லையென்றால் சுவாலோ என்ற மருந்தைக் குடி.

சுவாலோ காய்ச்ச செலண்டைன் செடி ஐந்து, குள்ளர் சாராயம் ஒன்று, ட்ரௌனரின் மூளை ஒன்று தேவை. ட்ரௌனர் என்பது ஆற்றங்கரையில் கூட்டமாகத் திரியும் நீர்ப்பிணம். மூளைக்கு அதைக் கொல்ல வேண்டும். கொல்லப் போனால் அடி விழும். அடிக்கு மருந்து வேண்டும். மருந்துக்கு மூளை வேண்டும். இந்தச் சுழிக்குள் அகப்பட்டு, முதல் இரண்டு இரவும் நான் பார்த்த வேலை கிராமத்தில் வீடு வீடாகப் புகுந்து பாணும் அப்பிளும் பொறுக்கியதுதான்.

"விட்சர் எண்டு சொன்னீங்கள் மாமா. இது கள்ளன் வேலையெல்லோ?"

வேட்டையாடினாலும் இறைச்சி கிடைக்கும். மானைத்தான் என்னால் சுட முடியவில்லை. காலையில் வேலைக்குப் போகும்போது அதே மாதிரி ஒன்று டவுனில் மதிலோரம் நின்று பொலித்தீன் பையை முகர்ந்துகொண்டிருக்கும். திருகோணமலைக்காரருக்குப் புரியும்.

மூன்றாம் நாள் கடையில் 80 பக்கக் கொப்பி ஒன்று வாங்கினேன். விளையாட்டுக்குள்ளேயே எல்லாப் பிராணிகளையும் பற்றிய குறிப்புப் புத்தகம் இருக்கிறது. எதற்கு எந்த எண்ணெய், எந்த மந்திரம் என்று அதில் போட்டிருக்கும். ஆனால் கையால் எழுதினால்தான் எனக்கு மண்டையில் நிற்கும். கொப்பியிலிருந்து சில வரிகள்:

"பிணம் தின்னிகள் (ட்ரௌனர், கூல்): நெக்ரோஃபேஜ் எண்ணெய். கூல் தானாகக் காயம் ஆற்றும், ஆறவிடாதே."

"ரொட்ஃபீன்ட்: சாகப்போகும்போது வெடிக்கும். வெட்டிவிட்டு ஓடு. பார்த்துக்கொண்டு நிற்காதே, நேற்று நின்றாய்."

"குவென் போடாமல் சண்டைக்குள் இறங்காதே. இதை மேலே எழுது." (மேலே எழுதவில்லை.)

குவென் ஒரு மந்திரக் கவசம், வருகிற முதல் அடியைத் தாங்கிக்கொள்ளும். சாதாரண நிலையில் அதை நான் எப்போதாவதுதான் தொட்டேன். இங்கே குவென், ஒரு அடி, விலகல், பிறகு திரும்பக் குவென் என்று கை தானாகப் போகப் பழகியது. விலகுவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உருண்டு தப்பினால் தூரம் கிடைக்கும், ஆனால் திருப்பி அடிக்கும் வாய்ப்புப் போய்விடும். ஒரு எட்டு மட்டும் பக்கவாட்டில் விலகினால் எதிரியின் விலா கண்முன்னால் இருக்கும். இந்த ஒன்றைப் பிடிக்கவே எனக்கு ஒரு வாரம் எடுத்தது.

இனி நண்பகல் பேய். வைட் ஓர்ச்சட்டில் எரிந்துபோன குடியிருப்பு ஒன்று, அங்கே ஒரு கிணறு. அந்தக் கிணற்றடியில் ஒரு பெண்ணின் ஆவி நடமாடுகிறது. இந்த வகைப் பேய் சாதாரணமாக வெட்டுப்படாது, வாள் புகைக்குள் போவதுபோல் போகும். யெர்டன் என்ற மந்திர வட்டத்தை நிலத்தில் போட்டு அதற்குள் வரவழைத்தால்தான் உடம்பு கெட்டியாகும். அப்போது வெட்டலாம். உயிர் குறைந்ததும் மூன்று பிரதிகளை வெளியே விட்டு, அவற்றின் மூலம் தன் உயிரை ஏற்றிக்கொள்ளும்.

நான் அதனிடம் போனது 2022 மார்ச்சில். இலங்கையே இருட்டில் இருந்த மாதம். அந்த மாதக் கடைசியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை போனது. பத்திரிகையைத் திறந்தால் முதலில் தேடுவது மின்வெட்டுப் பிரிவுகளில் எங்கள் பகுதி எந்த எழுத்துக்குள் வருகிறது, எத்தனை மணிக்கு வெட்டு என்பதைத்தான். அன்று ஐந்து மணிக்கு. இருபது நிமிடம் இருந்தது, போதும் என்று நினைத்தேன். சண்டை நடக்கும்போது இந்த விளையாட்டில் சேவ் செய்ய முடியாது என்பதை அப்போது யோசிக்கவில்லை.

அரைவாசி உயிர் போனதும் பேய் மூன்று பிரதிகளை வெளியே விட்டது. அதே நேரம் தலைக்கு மேலே மின்விசிறி மெல்ல நின்றது. பத்து நிமிடம் முந்தியே வெட்டிவிட்டார்கள். யூபிஎஸ் பெட்டி கத்தத் தொடங்கியது. பழைய பட்டரி, நாலு நிமிடம் தாங்கும். பதறிப்போய்ப் பிரதிகளை விட்டுவிட்டுப் பேயைத் துரத்தினேன். அது உயிரை ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தது. கடைசி ஒரு விரற்கடை மிஞ்சியிருக்கும்போது திரை கறுப்பானது. குசினியிலிருந்து அம்மா: "நல்லதாப் போச்சு. வந்து அடுப்பை ஊது."

காஸ் இல்லாத காலம். விறகு ஈரம். புகைக்குள் குந்தியிருந்து அடுப்பை ஊதிக்கொண்டே அந்தச் சண்டையை மனதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். பிறகு மெழுகுதிரி வெளிச்சத்தில் கொப்பியில் எழுதினேன்: "பிரதிகளை முதலில் வெட்டு. அவளைத் துரத்தாதே, வட்டத்துக்கு வருவாள்." இரவு பத்து மணிக்கு கரண்ட் வந்தது. முதல் முயற்சியிலேயே முடிந்தது, சுவாலோ ஒரு குப்பி மிச்சம். 210 மணி நேரத்தில் எனக்குப் பிடித்த இரவு எது என்றால் அதைத்தான் சொல்வேன்.

அடுத்தது கிரிஃபின் என்ற பறக்கும் பிராணி. அதற்குள் கொப்பி நாலு பக்கம் நிறைந்துவிட்டதால் அவ்வளவு கஷ்டப்படவில்லை. பறக்கும்போது குறுக்குவில்லால் அடித்தால் கீழே விழும், விழுந்த இடத்தில் வெட்டு. பிறகு வெலன் சதுப்புநிலம். அங்கே எதிரியின் தலைக்கு மேல் மண்டையோடு தெரிந்தால் குதிரையைத் திருப்ப வேண்டும். திருப்பாமல் ஒருமுறை பார்த்தேன், ஒரே அடி.

இனிக் குறைகள். பெரிய குறை, இந்தக் கடினம் தலைகீழாக இருக்கிறது. முதல் பதினைந்து மணி நேரம் உயிரை வாங்குகிறது. இருபதாம் லெவலைத் தாண்டி, கிரிஃபின் பள்ளி என்ற விட்சர் பிரிவின் கவசத்தைச் சேர்த்து, அடி வாங்கும்போதே உயிர் ஏற்றும் குவெனையும் எடுத்துவிட்டால் டெத் மார்ச் என்ற பெயர்தான் மிச்சம். நோவிகிராட் நகரத்தில் எண்ணெய் பூசுவதை மறந்தேன். ஸ்கெலிகே தீவுகளில் மருந்துக் குப்பியையும் மறந்தேன். இரண்டாம் மாரியின் பெரும்பகுதி, 2019 இல் விளையாடியது மாதிரியே போனது. தாழ்ந்த லெவல் எதிரிகளை நம்முடைய லெவலுக்கு உயர்த்தும் ஒரு அமைப்பு மெனுவில் உண்டு. அதைப் போட்டால் கொஞ்சம் சூடு வரும். ஆனால் நாய்கூட நம்மோடு சேர்ந்து வளர்ந்து வரும்போது, இத்தனை நாள் வளர்ந்து என்ன கண்டோம் என்று ஆகிவிடுகிறது. நான் போட்டு, எடுத்து, திரும்பப் போட்டேன்.

இன்னொன்று, எதிரிகள் இந்தப் படியில் புத்திசாலியாவதில்லை. அதே அடிகள், அதே வரிசை, அடிக்கும் உயிருக்குமான எண்கள் மட்டும் பெரிது. நண்பகல் பேய் போன்றவற்றில் அது தெரியாது, அங்கே முறையே வேறு. வாளோடு நிற்கும் சாதாரணக் கொள்ளைக்காரன் பத்து வெட்டு வாங்கியும் விழாமல் நிற்கும்போது சலிப்புத் தட்டும். கொன்றால் கிடைக்கும் அனுபவப் புள்ளியும் அற்பம், வளர்ச்சி எல்லாம் கதைப் பணிகளில்தான். ஆகவே வீதியில் கண்ட சண்டைக்கெல்லாம் போகாதீர்கள்.

2022 டிசம்பரில் பெரிய புதுப்பிப்பு இலவசமாக வந்தது. இரவு டேட்டாவில் நாலு சாமம் இறக்கினேன். மந்திரங்களை மெனு திறக்காமல் மாற்றும் வசதி வந்தது, இந்தப் படியில் அது பெரிய உதவி. முன்பு வீட்டுக்கூரையிலிருந்து குதித்தாலே செத்துப்போகிற கெரால்ட் இப்போது கொஞ்சம் உயரம் தாங்குகிறான். என்னுடைய கிராஃபிக்ஸ் கார்ட் பழைய ஜிடிஎக்ஸ் 1060. புதிய கிராஃபிக்ஸ் அதற்குத் தாங்காது, பழைய கிராஃபிக்ஸ் முறையான டிஎக்ஸ் 11 ஐத் தெரிவு செய்துதான் ஓட்டினேன். முக்கியமாக, விளையாட்டை எஸ்எஸ்டியில் போடுங்கள். சாதாரண டிஸ்க்கில் ஒவ்வொரு சாவுக்கும் ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரம் காத்திருந்தேன். நாய்களிடம் ஏழு தடவை என்பது அரை மணி நேரம்.

கடலோரம் இருப்பவர்களுக்கு மட்டும்: இரண்டாம் மாரியில் கணினி திடீரென்று எழும்பவில்லை. திறந்து பார்த்தால் திருகாணிகள் எல்லாம் துரு, ரேமின் செப்புப் பற்களில் பச்சை படிந்திருந்தது. உப்புக்காற்று. அழிறப்பரால் தேய்த்துப் போட்டதும் உயிர் வந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்யுங்கள்.

பிரதான கதை முடிந்து விருதும் வந்த பிறகு ஹார்ட்ஸ் ஒஃப் ஸ்டோன் தொடங்கினேன், 2015 ஒக்டோபரில் வந்த விரிவாக்கம். மறந்திருந்த பயம் திரும்ப வந்தது அங்கேதான். சாக்கடைக்குள் இருக்கும் ராட்சதத் தவளை நஞ்சு கக்கும், கோல்டன் ஓரியோல் மருந்து இல்லாமல் கிட்டப் போக வேண்டாம். அதைவிட மோசம், பாழடைந்த மாளிகையில் மண்வெட்டியோடு நிற்கும் முகமில்லாத காவலாளி. அவன் நம்மை அடிக்கும் ஒவ்வொரு அடியிலும் அவனுக்கு உயிர் ஏறும். இந்தப் படியில் அது எப்படி என்று நினைத்துப் பாருங்கள். மூன்று இரவு. நாலாம் இரவு, மருமகன் நித்திரை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, மெனுவுக்குள் போய் ஒரு படி இறக்கினேன். விருதுதான் வந்துவிட்டதே. மூன்று நிமிடத்தில் விழுந்தான். அடுத்த நாள் காலை பழைய சேவைத் திறந்து டெத் மார்ச்சில் திரும்ப அவனிடம் போனேன். மண்வெட்டி நிலத்தில் குத்தி நிற்கும் அந்த ஒரு கணத்தில் மட்டும் வெட்டு, மற்ற நேரமெல்லாம் விலகு. மத்தியானத்துக்குள் முடிந்தது.

முதல் தடவை விளையாடுகிறவருக்கு டெத் மார்ச் வேண்டாம். கதை நல்ல கதை, அதை நாயிடம் தொலைக்காதீர்கள். ஒருமுறை முடித்தவருக்கு, வைட் ஓர்ச்சட்டும் வெலனும் மட்டுமென்றாலும் இந்தப் படியில் போய்ப் பார்க்கலாம். அதற்குப் பிறகு அலுத்தால் விட்டுவிடலாம், நட்டமில்லை.

கொப்பி இப்போது மருமகனிடம். அவன் போன கிழமை தொடங்கினான், நேராக டெத் மார்ச்சில், என் பேச்சைக் கேட்காமல். முதல் பக்கத்தில் "நாய்" என்று மட்டும் எழுதி, கீழே இரண்டு கோடு அடித்து வைத்திருந்தேன். அதற்குப் பக்கத்தில் அவன் தன் கையெழுத்தில் ஒரு சொல் சேர்த்திருக்கிறான்: "இக்னி". நெருப்பு மந்திரம். ஆரம்பத்திலிருந்தே என் கையில் இருந்தது.