இரவல் போகும் புத்தகத்துக்குப் பசையில்லாத பாலியெஸ்டர் உறை

பிடித்த புத்தகத்தை நாலு பேருக்குப் படிக்கக் கொடுப்பவர்கள் தயங்காமல் வாங்க வேண்டிய பொருள், ஒட்டாமல் மடித்தே போடும் இந்தப் பாலியெஸ்டர் தாள் உறை. பேப்பர்பேக்குக்கு 38 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனம் போதும். கெட்டி அட்டைக்கு 50 நல்லது.

பலரும் தவறுவது அளவில்தான். புத்தகத்தை மூடிவைத்து முன்னட்டை, முதுகு, பின்னட்டை மூன்றையும் சேர்த்து அளந்து, உள்மடிப்புக்காக இரு பக்கமும் தலா 6 செ.மீ. கூட்டுங்கள். உயரத்துக்கு 2 மி.மீ. மட்டும் கூடுதல். அட்டையை விரித்துவைத்து மடித்தால் உறை குட்டையாகிவிடும், மூடும்போது அட்டையை இழுத்து வளைக்கும். பாலியெஸ்டர் விறைப்பானது. விரலால் மடித்தால் எழும்பிவிடும், ஸ்கேல் விளிம்பால் அழுத்தித் தேய்த்தால்தான் மடிப்பு நிற்கும்.

செலோடேப்பைப் புத்தகத்தில் ஒட்டவே ஒட்டாதீர்கள். பசை நாளடைவில் மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கும், பிறகு எடுக்க முடியாது. மடிப்பு அகலமாக இருந்தால் டேப்பே தேவையில்லை.

மென்மையான பிவிசி உறை வேண்டாம். அதிலுள்ள மென்மையூட்டி கசிந்து அட்டை மையைப் பிடித்துக்கொள்ளும்; வெப்பத்தில் இன்னும் சீக்கிரம்.

குறை ஒன்று உண்டு: வழவழப்பு. படுக்க அடுக்கினால் சரியும், நிமிர்த்தியே வையுங்கள். ஆனால் உள்மடிப்பில் ஒரு சீட்டைச் செருகி, யாரிடம் என்றைக்குப் போனது என்று குறித்துவைக்கலாமே, அந்த வசதி அருமை.