பெயர் வேண்டாம், ஊழியர் எண் மட்டும் போதும்!

எங்கள் அலுவலகத்தில் ஊழியர் புகார்களை வாங்குவதற்கென்றே வெளி நிறுவனம் ஒன்றின் இணையதளத்தை வைத்திருக்கிறார்கள். 24 மணி நேரமும் எழுதலாம், பெயர் சொல்ல வேண்டாம் என்று லிஃப்ட் பக்கத்தில் போஸ்டர் இருக்கிறது. எனக்கு அது நிஜமாகவே தேவைப்பட்டது.

முதல் கேள்வி, சம்பவம் நடந்த தேதி. ஒரே ஒரு தேதிதான் போட முடியும். என் மேலதிகாரி 4 மாதமாக ராத்திரி 11 மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் தொல்லையான செய்திகள் அனுப்பியதில் எந்த நாளைப் போடுவது? அடுத்தது, எந்த மாடி, எந்த அறை. நிரப்பாமல் நகர விடாது. வேறு வழியில்லாமல் ‘கான்ஃபரன்ஸ் ரூம்’ என்று பொய்யாகப் போட்டுவிட்டு, கீழே இருந்த பெட்டியில் உண்மையை எழுதினேன்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2019-ல் கொண்டுவந்த 190-ஆவது உடன்படிக்கையின்படி ஒரு தடவை நடந்தாலும் துன்புறுத்தல்தான், தொடர்ந்து நடந்தாலும் துன்புறுத்தல்தான். வேலை தொடர்பான போன் செய்தி, பயணம் எல்லாம் அதில் அடங்கும். ஏற்றுக்கொண்ட நாடுகளைத்தான் அது கட்டுப்படுத்தும், சரி. ஆனாலும் இந்தப் படிவத்தைத் தயாரித்தவர் அதை ஒருமுறை வாசித்திருக்கலாம். பயிற்சியில் இருப்பவர்கள், வேலைக்கு விண்ணப்பித்தவர்கள்கூட அதன் பாதுகாப்பில் உண்டு. இங்கேயோ ஊழியர் எண் இல்லாமல் உள்ளேயே போக முடியாது. எனக்காகச் சாட்சி சொல்ல வந்த பயிற்சிப் பெண்ணுக்கு அந்த எண்ணே கிடையாது. (எண்ணைக் கேட்டுவிட்டுப் பெயர் வேண்டாம் என்பது என்ன கணக்கோ!)

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அனுப்பிய உடனே தேதி, நேரத்தோடு புகார் எண் வந்தது. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து என் சொந்த மெயிலுக்கு அனுப்பிவைத்தேன். 3 வாரம் கழித்து என் வருடாந்திர மதிப்பெண் திடீரென்று இறங்கியபோது, இறங்கியது புகாருக்குப் பிறகுதான் என்று காட்ட அதுதான் கைகொடுத்தது. புகார் கொடுத்தவரைப் பழிவாங்குவதே தனியாக ஒரு தவறு என்று எச்.ஆர். மேடத்திடம் சொன்னேன். மறுவாரம் மதிப்பெண் பழையபடி ஆனது. விசாரணை மட்டும் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், இரண்டுமே அந்தப் புகார் எண்ணுக்காக. நேற்று ‘எங்கள் சேவை எப்படி இருந்தது?’ என்று கருத்து கேட்டு மெயில் அனுப்பியிருந்தார்கள். அதில் பெயர் கட்டாயம்.