ஸ்விஃப்ட்டுக்கு டர்போ மாட்டலாமா, டர்போவோடு வந்த காரையே வாங்கலாமா?

நாலைந்து வருடமாக ஓடும் பெட்ரோல் ஸ்விஃப்ட். எஞ்சினில் குறை இல்லை, மைலேஜ் நன்றாக வருகிறது, சர்வீஸ் செலவும் கையைக் கடிக்கவில்லை. ஆனால் நாலு பேரும் பெட்டிகளுமாகக் கொடைக்கானல் ஏறும்போதும், உளுந்தூர்பேட்டை தாண்டி ஒரு டிரெய்லரை ஓவர்டேக் எடுக்கும்போதும் வண்டிக்கு மூச்சு வாங்குகிறது. இதற்கு, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் ஒரு டர்போ மாட்டினால் என்ன என்ற எண்ணம் அங்கேதான் முளைக்கும். இணையத்தில் டர்போ கிட்டுகள் கிடைக்கின்றன. மாட்டித் தருகிறேன் என்று சொல்லும் பட்டறைகளும் பெரிய ஊர்களில் உண்டு.

முதலில், நமக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பதைப் பார்த்துவிடலாம். பலரும் பவர் வேண்டும் என்பார்கள். அவர்கள் தேடுவது இழுவை. பழைய ஸ்விஃப்ட் டீசல் ஓட்டியவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். அந்த 1.3 லிட்டர் டீசல் எஞ்சினின் சக்தி வெறும் 75 குதிரைத்திறன். ஆனால் நிமிடத்துக்கு 2000 சுற்றிலேயே 190 என்எம் (நியூட்டன் மீட்டர்) டார்க், அதாவது இழுவிசை, கொடுத்துவிடும். அதுவும் டர்போ எஞ்சின்தான். 2021-ல் ஸ்விஃப்ட்டுக்கு வந்த 1.2 பெட்ரோல் எஞ்சினுக்குக் காகிதத்தில் 90 குதிரைத்திறன் இருக்கிறது, ஆனால் டார்க் 113 என்எம். அதுவும் 4400 சுற்றுக்கு மிதித்தால்தான் முழுதாக வரும். ஊரில் யாரும் அவ்வளவு மிதித்து ஓட்டுவதில்லை.

ஆக, டர்போ வேண்டும் என்ற ஆசையில் தவறே இல்லை. அதை எந்த எஞ்சினில் மாட்டப் போகிறோம் என்பதில்தான் சிக்கல்.

டர்போ வேலை செய்வது இப்படி: எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி உள்ளே தள்ளும். காற்று அதிகமானால் அதற்கேற்ப பெட்ரோலும் அதிகம் எரிக்கலாம். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் சாமான் இது. வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 1 பார். அதற்கு மேல் 0.4 பார் அழுத்தம் கொடுத்தாலே, கணக்குப்படி 40 சதவீதம் கூடுதல் காற்று. அழுத்தும்போது காற்று சூடாகி விரிவதால் அவ்வளவும் கிடைக்காது. அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் கிடைத்தாலும் நல்ல லாபம்தான்.

ஆனால் அந்த 1.2 எஞ்சினின் கம்ப்ரெஷன் விகிதம், அதாவது சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பது, 12-க்கு 1. மைலேஜுக்காகவே அவ்வளவு இறுக்கமாகச் செய்திருக்கிறார்கள். ஏற்கெனவே பன்னிரண்டு மடங்கு நெருக்கப்படும் இடத்துக்குள், முன்கூட்டியே அழுத்திச் சூடாக்கிய காற்றை அனுப்பினால், ஸ்பார்க் பிளக் பற்ற வைக்கும் தீ முழுக்கப் பரவுவதற்கு முன்பே மீதிக் கலவை தானாக வெடிக்கும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்பது இதைத்தான். லேசாக இருந்தால் டிக் டிக்கென்று சத்தம் கேட்கும். முற்றினால் பிஸ்டன் உடையும், ஹெட் கேஸ்கெட் போகும். சரி, இக்னிஷனை, அதாவது பற்ற வைக்கும் நேரத்தை, தாமதப்படுத்திச் சமாளிக்கலாமே என்றால், கிடைத்த பவரில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எக்ஸாஸ்ட்டை இன்னும் சூடாக்கியதுதான் மிச்சம்.

இது கார் கம்பெனியே அனுபவித்துப் பார்த்த கதை. 1962-ல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் வந்தது. உலகின் முதல் டர்போ கார்களில் ஒன்று. கம்ப்ரெஷனை 10.25-லேயே வைத்துக்கொண்டு டர்போ கொடுத்தார்கள். நாக்கிங்கை அடக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை எஞ்சினுக்குள் பீய்ச்ச ஒரு தனி டேங்க். வாங்கியவர்கள் அந்த டேங்கை நிரப்ப மறந்தார்கள். தீர்ந்துபோனால் டர்போ அழுத்தம் தானாகக் குறைந்துவிடும், வண்டி இழுக்காது, புகார் வரும். கடைசியில் டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் போட்டுக் கொடுக்கும் நிலை வந்தது. கார் விற்பனையில் இருந்ததே இரண்டு வருடம்தான்.

ஒழுங்காகச் செய்ய வேண்டுமென்றால் டர்போவோடு நிற்காது. அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், பெட்ரோலைப் பீய்ச்சும் பெரிய இன்ஜெக்டர்கள், புது ஈசியூ (எஞ்சினை இயக்கும் கணினி) அல்லது இருக்கும் ஈசியூவின் மென்பொருளை மாற்றும் ரீமேப், டர்போவுக்குத் தனி ஆயில் லைன், கம்ப்ரெஷனைக் குறைக்க வேறு பிஸ்டன், 113 என்எம்முக்காகச் செய்த கிளட்ச்சுக்குப் பதில் வலுவானது, அப்புறம் பிரேக். கூட்டிப் பாருங்கள், லட்சக்கணக்கில் போய் நிற்கும். இதில் எதையாவது விட்டுவிட்டுக் குறைந்த விலைக்கு முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், எதை விட்டார் என்று கேளுங்கள். விடை பெரும்பாலும் பிஸ்டனாக இருக்கும்.

சட்டம் இன்னொரு தடை. வண்டியைத் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. சிஎன்ஜிக்கு அங்கீகரிக்கப்பட்ட கிட் உண்டு, ஆர்சியில் ஏற்றித் தருவார்கள். டர்போவுக்கு அப்படி ஒரு வழக்கமான பாதை இல்லை. அபராதத்தைக் கட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் இன்ஷூரன்ஸையும் நினைக்க வேண்டும். விபத்துக்குப் பின் வரும் சர்வேயர் பானெட்டைத் திறந்ததும் கண்ணில் படுவது அந்த டர்போதான். க்ளெய்ம் மறுக்க அதைவிட எளிதான காரணம் அவர்களுக்குக் கிடைக்காது.

இதற்கு எதிர்ப்பக்கம், கம்பெனியிலேயே டர்போவோடு வரும் கார். நேருக்கு நேர் ஒப்பிட மாருதி ஃப்ரான்க்ஸ் வசதியானது. 2023-ல் வந்தபோதே ஒரே உடலில் இரண்டு எஞ்சின். ஒன்று நம் ஸ்விஃப்ட்டில் இருக்கும் அதே 1.2. இன்னொன்று 1.0 லிட்டர் பூஸ்டர்ஜெட் டர்போ. சக்தி 90-க்கு 100, பெரிய வித்தியாசமில்லை. டார்க்கைப் பாருங்கள்: 113-க்குப் பதில் கிட்டத்தட்ட 148 என்எம், அதுவும் 2000 சுற்றிலிருந்து 4500 வரை சமமாக. கம்பெனி சொல்லும் மைலேஜ் மேனுவல் கியரில், லிட்டருக்கு 21.79 கிலோமீட்டருக்கு 21.5. ஏறக்குறைய ஒன்றுதான். (மிதிக்கும் காலைப் பொறுத்து டர்போவின் மைலேஜ் சரசரவென்று இறங்கும், அது வேறு விஷயம்.) டர்போவுக்கென்றே வடிவமைத்த எஞ்சின் என்பதால் கம்ப்ரெஷன் குறைவு. பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சுவதால் உள்ளே குளிர்ச்சியும் உண்டு. பட்டறையில் நாம் லட்சங்கள் கொட்டிச் செய்யப் பார்ப்பது இதைத்தான்.

மலையில் வித்தியாசம் இன்னும் துலக்கமாகத் தெரியும். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். சாதாரண எஞ்சினின் சக்தியும் அதே அளவு குறையும். 90 என்பது எழுபத்து சொச்சம் ஆகிவிடும், அதுவும் ஏசி போடாமல். டர்போ அந்த மெல்லிய காற்றையும் அழுத்தித் தருவதால் இழப்பு சொற்பம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அவ்வளவு உயரம் இல்லை என்றாலும், ஒவ்வொரு வளைவிலும் கிட்டத்தட்ட நின்று கிளம்ப வேண்டும். இரண்டாவது கியரில், ஃபர்ஸ்ட்டுக்கு இறங்காமல் இழுக்கும் வண்டி அங்கே ஒரு வரம்.

ஆனால் தி.நகர் நெரிசலில் எனக்கு 1.2-தான் பிடிக்கும். 1500 சுற்றில் ஊர்ந்து போகும்போது டர்போ இன்னும் விழித்திருக்காது. அந்த நேரத்தில் நீங்கள் ஓட்டுவது வெறும் ஒரு லிட்டர் எஞ்சின். கிளட்ச்சை விட்டதும் ஒரு கணம் சோம்பி, பிறகு திடீரென்று பாயும். ஆயிலைத் தள்ளிப்போடவும் முடியாது. டர்போவின் தண்டு மிதப்பதே ஆயில் படலத்தின் மேல்தான். வருடத்துக்கு ஒருமுறை நினைவு வந்தால் ஆயில் மாற்றுகிறவர் டர்போ வாங்காமல் இருப்பது நல்லது.

ஊருக்குள்ளேயே ஓடி, மலைக்கு வருடத்தில் ஒரு முறை போகிறவர்களுக்கு எதையும் மாற்றத் தேவையில்லை. ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கிளட்ச் மூன்றும் நல்ல நிலையில் இருக்கட்டும். டயர் காற்று சரியாக இருக்கட்டும். ஓவர்டேக்குக்கு முன் ஐந்திலிருந்து மூன்றுக்கு இறக்கி 4000 சுற்றைத் தாண்டி மிதியுங்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு எஞ்சின் கெட்டுவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அந்த எஞ்சின் அதற்காகவே செய்யப்பட்டது. டர்போ இல்லாத எஞ்சினுக்கு வெறும் ரீமேப் செய்வதில் கிடைப்பது சொற்பம், அந்தப் பணத்தில் நல்ல டயர் வாங்கலாம்.

பட்டறை டர்போவுக்கு என் மனதில் ஒரே ஒரு இடம் உண்டு: ரோட்டில் ஓட்டாத வண்டி. கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. பழைய வண்டி ஒன்றை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோய் அங்கே ஓட்ட ஆசைப்படுகிறவர், எஞ்சின் வெடித்தாலும் சிரித்துக்கொள்ளும் மனசு உள்ளவர், தாராளமாக மாட்டட்டும். பொறாமையோடு வேடிக்கை பார்ப்பேன்.

தினமும் நெடுஞ்சாலையில் ஓடுகிறவர், அடிக்கடி மலை ஏறுகிறவர், ஸ்விஃப்ட்டை விற்றுவிட்டு மேலே பணம் போட்டு டர்போ காருக்கு மாறுவதுதான் சரி. புதிது எட்டாவிட்டால் செகண்ட் ஹேண்டில் மாருதி பலேனோ ஆர்எஸ், ஹூண்டாய் நியோஸ் டர்போ, டாடா நெக்ஸான் பெட்ரோல், ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ என்று தேடலாம். போலோவில் இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் வந்தால் கியர்பாக்ஸைத் தனியாகச் சோதித்துவிட்டு வாங்குங்கள், பழுதானால் பில் பெரிது. எந்தக் காராக இருந்தாலும் சர்வீஸ் புத்தகத்தில் ஆயில் மாற்றிய தேதிகளை வரிசையாகப் பாருங்கள். காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப் புகை வந்தாலோ, மிதிக்கும்போது சைரன் போல ஊளைச் சத்தம் கேட்டாலோ விலை பேசாமல் திரும்பிவிடுங்கள். இன்டர்கூலருக்குப் போகும் குழாய்களின் இணைப்புகளில் பிசுபிசுப்பாக ஆயில் கசிந்திருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்க்கவும் மறக்காதீர்கள்.