பழைய ஏர் ரைஃபிளுக்குக் கோல்ட் ப்ளூ திரவம்: எதற்கு உதவும், எதற்கு உதவாது

பழைய ஏர் ரைஃபிளின் கருநீலப் பூச்சு தேய்ந்து, விளிம்புகளில் வெள்ளை இரும்பு பல்லிளிக்கத் தொடங்கியதும், பெரும்பாலானோர் முதலில் தேடுவது இணையக் கடைகளில் ‘கோல்ட் ப்ளூ’ (cold blue) என்ற பெயரில் கிடைக்கும், கொதிக்கவைக்காமல் தடவியே இரும்பைக் கறுப்பாக்கும் திரவத்தின் சிறிய பாட்டிலைத்தான். பெங்களூரு காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டுப் பரணில் இருந்த, மாமனார் காலத்து 0.177 ரக (குழலின் உள்விட்டம் 0.177 அங்குலம்) ஏர் ரைஃபிளுக்காக நானும் 90 மில்லி பாட்டில் ஒன்றை ஆயிரத்துச் சில்லறை ரூபாய் கொடுத்து வரவழைத்தேன். நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. இத்தகைய திரவங்களில் பெரும்பாலானவை செலினியம் சேர்மம், செம்பு உப்பு, அமிலம் ஆகியவை கலந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், ஒன்றின் குணமும் குறையும் மற்றவற்றுக்கும் ஏறக்குறையப் பொருந்தும். திருகாணிகளுக்கும் தேய்ந்த விளிம்புகளுக்கும் இது கொடுத்த காசுக்குத் தகும். முழுக் குழலையும் இதைக் கொண்டு புதுப்பிக்க நினைப்பவர் அந்தப் பணத்தை மிச்சம் பிடிப்பதே நல்லது.

வாங்குவதற்கு முன் சட்டத்தை ஒரு வார்த்தை பார்த்துவிட வேண்டும். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றல் கொண்ட 0.177 ரக ஏர் ரைஃபிள்களுக்கு உரிமத்திலிருந்து விலக்கு அளிக்கின்றன. அதனால்தான் இந்த வேலையை வீட்டு மேசையில் வைத்துச் செய்ய முடிகிறது. தாத்தா வைத்திருந்த இரட்டைக் குழல் துப்பாக்கி போன்ற உரிமம் பெற்ற ஆயுதமென்றால், அதைப் பழுதுபார்க்க உரிமம் பெற்ற கடைக்காரரிடமே கொடுக்க வேண்டும். எந்தத் துப்பாக்கியானாலும், உப்புத்தாளால் தேய்க்கும் வேகத்தில் வரிசை எண்ணையும் முத்திரைகளையும் அழித்துவிடக் கூடாது. சுடுகலன்களில் அவற்றை அழிப்பது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம். ஏர் ரைஃபிளிலோ, அவை போனால் அதன் வயதையும் பூர்விகத்தையும் சொல்ல வேறு சாட்சி இல்லை.

தொழிற்சாலையில் போடப்படும் கருநீலம் உண்மையில் இரும்பின் மேற்பரப்பே மாறி உருவாகும் மேக்னடைட் எனும் கரிய ஆக்சைடு. காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த கரைசலை 140 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கொதிக்கவைத்து, அதில் பாகத்தை முக்கி எடுப்பார்கள். பாட்டிலில் வரும் திரவம் அந்த வேலையைச் செய்வதில்லை. அது இரும்பின் மேல் செம்பும் செலினியமும் சேர்ந்த கரும்படலம் ஒன்றைப் படிய வைக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருந்தாலும், பின்னது இரும்போடு ஒன்றிப்போகாத மெல்லிய படலம் என்பதால், கை படும் இடங்களில் அதன் ஆயுள் குறைவு. பாட்டிலின் மீது ‘நிரந்தரம்’ என்று அச்சிட்டிருப்பதை இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

வேலையில் முக்கால் பங்கு, மூடியைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். துருவை எண்ணெயும் மிக நுண்ணிய ஸ்டீல் வூலும் (எஃகு இழைப் பஞ்சு) கொண்டு எடுத்து, தேவைப்பட்ட இடத்தில் மட்டும் 400, பிறகு 600 எண் உப்புத்தாளை ஒரே திசையில் ஓட்டி, அசிட்டோனால் துடைத்து, அதன் பின் கையுறை இல்லாமல் அந்தப் பாகத்தைத் தொடாமல் இருந்தால்தான் நிறம் சீராக ஏறும். இரும்பு லேசாக வெதுவெதுப்பாக இருக்குமாறு ஹேர் டிரையரால் சூடாக்கி, பஞ்சில் திரவத்தை நனைத்து ஒரே இழுப்பில் தடவினால், நொடிகளில் சாம்பல் நிறம் பரவி, பழுப்பு ஓடி, பிறகு கறுப்பு இறங்குகிறது. நிற்காமல் தடவிக்கொண்டே இருந்தால் திட்டுத்திட்டாகிறது. ஒரு நிமிடத்துக்குள் கழுவித் துடைத்து, ஸ்டீல் வூலால் மெல்ல மெருகேற்றி, மறுபடியும் தடவுவதே முறை. திருகாணியின் தலைவெட்டுக்குள் ஒளிந்திருக்கும் பழைய எண்ணெய் சூட்டில் கசிந்து வெளியே வந்து, அந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழச் செய்கிறது. ஆகையால் திருகாணிகளைக் கழற்றி அசிட்டோனிலேயே ஊறப்போட்டுவிடுவது மேல். எங்கள் பகுதியில் குழாயில் வருவது போர்வெல் தண்ணீர். அது காய்ந்ததும் சுண்ணாம்புப் படிவு விடுவதால், கழுவுவதற்கு பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரைப் பயன்படுத்தினேன்.

திருகாணிகளில் ஏறிய கறுப்பு மிக ஆழமானது; பழைய திருகாணியையும் புதுப்பித்ததையும் அருகருகே வைத்தால் வித்தியாசம் தெரியவில்லை. பின்பார்வைக் குறியின் தேய்ந்த விளிம்பும் அக்கம்பக்கத்து நிறத்தோடு நன்றாகக் கலந்துவிட்டது. குழலின் மேல் கைப்பிடி அளவு பரப்பில் பூசிய இடமோ வெயிலில் பார்க்கும்போது சற்றே பழுப்படித்து, பழைய பூச்சுக்குப் பக்கத்தில் ஒட்டுப்போட்டதுபோல் தெரிகிறது. விசையைச் சுற்றியுள்ள வளையம் அலுமினியக் கலவை என்பதால் அதில் நிறம் பிடிக்கவே இல்லை. துருப்பிடிக்காத எஃகிலும் பிடிக்காது. காந்தம் ஒட்டாத பாகத்தில் இதை வீணாக்க வேண்டாம். கழுவிய பின் அமிலம் மிச்சமிருந்தால் மறுநாளே செந்துரு தலைகாட்டும். பேக்கிங் சோடா கரைத்த நீரில் அலசி, உலர்த்தி, எண்ணெய் பூசி ஓரிரவு விட்டுவிட்டால் அந்தத் தொல்லை வருவதில்லை.

முழுக் குழலுக்கும் பூச்சு வேண்டுமென்றால் பழைய துரு முறைதான் சரி. இரும்பில் மெல்லிய செந்துருவை வேண்டுமென்றே வரவழைத்து, தண்ணீரில் கொதிக்கவைத்துக் கறுப்பாக்கி, தளர்ந்த பொடியைத் தேய்த்தெடுத்து, அதையே மறுபடி மறுபடி செய்வது. நாள்கணக்கில் இழுக்கும் வேலைதான், ஆனால் உழைக்கும். பெங்களூரின் மழைக்கால ஈரக்காற்று அதற்குத் தோது. பீன்யா தொழிற்பேட்டையில் இயந்திரப் பாகங்களுக்குக் கறுப்பூட்டும் பட்டறைகள் இருப்பதால் அங்கே கொடுத்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். அந்தக் காஸ்டிக் தொட்டி அலுமினியத்தைக் கரைத்துவிடும், ஈயப் பற்றையும் விட்டுவைக்காது. எனவே கலப்புப் பாகங்களை அப்படியே கொடுக்கக் கூடாது. ஸ்பிரிங் ஏர் ரைஃபிளைக் குழலளவில் பிரிப்பதும், அழுந்தி நிற்கும் ஸ்பிரிங்கைத் தக்க கருவியின்றி அவிழ்ப்பது ஆபத்து என்பதால், எல்லோரும் கைவைக்கக் கூடிய காரியமன்று.

எனக்கு வந்த பெட்டியில் மூடி சரியாக இறுகாமல் திரவம் கசிந்து அட்டை நனைந்திருந்தது. விற்றவர் வேறு பாட்டில் அனுப்ப ஒப்புக்கொள்ளவே பல முறை எழுத வேண்டியிருந்தது. செலினியம் நச்சுத்தன்மை உடையது, ஆவியை முகரக் கூடாது, பால்கனியிலோ மொட்டை மாடியிலோ வைத்து வேலை செய்ய வேண்டும் என்பதையெல்லாம் பாட்டிலில் பொடி எழுத்தில் போட்டிருப்பது இன்னொரு குறை. பஞ்சைப் பாட்டிலுக்குள்ளேயே விட்டு எடுத்தால் மீதித் திரவம் கெட்டுப்போகும். தேவையான துளிகளை ஒரு சிறு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு, மிச்சத்தைத் திரும்ப ஊற்றாமல் இருக்க வேண்டும். இப்படிப் பயன்படுத்தினால் ஒரு ரைஃபிளின் திருகாணிகளுக்கும் விளிம்புகளுக்கும் பாட்டிலில் கால் பங்குகூடச் செலவாகாது என்பதால், தள்ளுபடி என்று காட்டும் பெரிய பாட்டிலை வாங்கத் தேவையில்லை.